இதயத் துடிப்பை அலுவலகச் சாவியாகக் கொடுக்கலாமா?

மொரிசியஸின் எபேன் சைபர் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய நிறுவனம் நலத் திட்டம் என்று சொல்லி ஊழியர் எல்லோருக்கும் ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தது. நடையையும் தூக்கத்தையும் கவனித்துக்கொள்ளத்தான் என்றார்கள். இப்போது அதே கடிகாரம் பதிவு செய்யும் இதயத் துடிப்பை வைத்து அலுவலகக் கதவையும் கணினியையும் திறக்கும் முறை வரப்போகிறதாம். ஒப்புதல் படிவம் கைக்கு வந்துவிட்டது. "கைரேகையைக்கூடப் போலி செய்யலாம், இதயத்தைப் போலி செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா? கையெழுத்துப் போடலாமா? மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, படிவத்தின் வாசகத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. நுழைவுக் கட்டுப்பாடும் தகவல் பாதுகாப்பும் என் தொழில் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இதயத்தைப் போலி செய்ய முடியாது என்பது தவறு. படிவம் இப்போது உள்ளபடி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் அமைப்பில் ஒரு திருத்தம் செய்தால் நானே அதைப் பரிந்துரைப்பேன்.

முதலில் கடிகாரம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி விட்டுவிட்டு மின்னுவது தெரியும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் இரத்தம் ஒரு கணம் கூடிப் பிறகு குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் நாடியாக எண்ணுகிறது. சில கடிகாரங்களில் ஈசிஜி எடுக்கும் வசதியும் உண்டு. ஆப்பிள் 2018இல் வெளியிட்ட நான்காம் வரிசைக் கடிகாரத்திலிருந்து அது பரவலாயிற்று. ஒரு கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மறு கை விரலை அதன் குமிழில் வைத்தால், இரண்டு கைகளுக்கும் இடையே இதயத்தின் மின்சைகை பதிவாகும்.

ஒருவரை அடையாளம் காட்டுவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அல்ல. 72 துடிப்பு உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். அடையாளம் துடிப்பின் வடிவத்தில் இருக்கிறது. ஈசிஜியில் ஒரு சிறு மேடு, பிறகு கூரிய சிகரம், பிறகு இன்னொரு மேடு என்று வரும் அல்லவா? அவற்றின் உயரமும் இடைவெளியும் சாய்வும் இதயத்தின் அளவையும் மார்புக்குள் அது அமர்ந்திருக்கும் கோணத்தையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். 2001இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 20 பேரின் ஈசிஜியை வைத்து ஆட்களைப் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறையின் தொடக்க ஆய்வுகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு. 2013இல் டொராண்டோவில் ஒரு நிறுவனம் நைமி என்ற மணிக்கட்டுப் பட்டையை அறிவித்தது. இதயத் துடிப்பே கடவுச்சொல் என்று சொல்லி விற்கப்பட்ட பொருள் அது. வங்கிகள்கூடக் கட்டணம் செலுத்துவதற்கு அதைச் சோதித்துப் பார்த்தன.

பிறகு நடந்ததைத்தான் உங்கள் மேலாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2017இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பட்டையையே எடுத்துச் சோதித்தார்கள். ஒருவருடைய ஈசிஜி வேறு ஏதோ ஒரு கருவியில் பதிவாகியிருந்தால் போதும். அந்தப் பதிவைப் பட்டை எதிர்பார்க்கும் வடிவத்துக்குக் கணிதத்தால் மாற்றி, சாதாரண ஒலிக்கோப்பாகச் சேமித்து, மின்சைகையாக இயக்கிக் காட்டினார்கள். 81 விழுக்காடு முயற்சிகளில் பட்டை ஏமாந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மடிக்கணினியின் ஒலி வெளியீடே போதுமானதாக இருந்தது. கவனிக்க வேண்டிய இடம் இது: மூலப் பதிவு அந்தப் பட்டையிலிருந்து திருடப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி, உடற்பயிற்சிச் செயலியில் சேமித்த ஈசிஜி எதுவாக இருந்தாலும் மூலப்பொருள் ஆகிவிடும். அந்த நிறுவனமே பின்னாளில் வெளியிட்ட பட்டையில் முதல் சரிபார்ப்பைக் கைரேகைக்கு மாற்றிக்கொண்டது.

கடவுச்சொல் திருடு போனால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கைரேகை திருடு போனால் மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போனது 2015இல் தெரியவந்தது. அந்த விரல்கள் இன்றும் அதே விரல்கள்தான். இதயமும் அப்படியே. இன்னொன்றும் உண்டு. கைரேகையை எடுக்கப் பெரும்பாலும் நீங்கள் எதையாவது தொட வேண்டும். இதயத் துடிப்புக்கு அதுகூட வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக, 200 மீட்டர் தொலைவிலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி, சட்டைக்கு மேலாகவே மார்பின் நுண்ணதிர்வைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி உருவாக்கப்பட்டிருப்பதாக 2019இல் செய்தி வந்தது. ஆள் அசையாமல் இருக்க வேண்டும், தடித்த கோட்டு அணிந்திருக்கக் கூடாது, அவருடைய துடிப்பு முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்ற எல்லைகள் அதற்கு உண்டு. எபேனில் யாரும் உங்கள் மீது லேசர் பாய்ச்சப் போவதில்லை. ஆனால் இதயம் உடலுக்குள் ஒளிந்திருக்கிறது, ஆகவே அது இரகசியம் என்ற வாதம் அதோடு விழுந்துவிடுகிறது.

அடுத்து, துல்லியம். "99 விழுக்காடு துல்லியம்" என்று விற்பனையாளர் சொல்லியிருக்கக் கூடும். இரண்டு வேறு வேலைகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அட்டையைக் காட்டி "நான் இன்னார்" என்று சொல்ல, கருவி அந்த ஒருவரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று. நீங்கள் எதுவும் சொல்லாமல் வந்து நிற்க, பட்டியலில் உள்ள எல்லோரோடும் ஒப்பிட்டு இவர் யார் என்று கருவி தேடுவது இன்னொன்று. தவறாக ஏற்கும் வாய்ப்பு ஓர் ஒப்பீட்டுக்கு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் அந்நியர் ஒருவர் நுழைய நூற்றில் ஒரு வாய்ப்பு. இரண்டாம் வகையில் 300 ஊழியர் பட்டியல் இருந்தால், அந்நியரின் துடிப்பு அவர்களில் யாராவது ஒருவரோடு தவறாகப் பொருந்திவிடும் வாய்ப்பு 95 விழுக்காடு. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் தப்பிப்பது 0.99, அதை 300 முறை பெருக்கினால் 0.05 அளவுதான் மிஞ்சும். அதே கருவி, அதே துல்லியம், ஆனால் ஒன்று கதவு, மற்றொன்று திறந்த வாசல். உங்கள் நிறுவனம் எந்த வகையைக் கொண்டுவருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதுவே ஒரு பதில்.

மணிக்கட்டுக் கடிகாரத்தின் ஒளிப்பதிவு ஈசிஜியைவிடப் பலவீனமானது. கடிகாரப் பட்டை தளர்ந்தால் மாறும், கையை ஆட்டினால் மாறும். மணிக்கட்டில் கரும் பச்சை குத்தியிருந்தால் ஒளி சரியாகத் திரும்பாது. குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறையும். எபேன் அலுவலகங்களின் ஏசியை அனுபவித்த எவருக்கும் இது விளங்கும். கருமையான தோலில் ஒளி உணரிகள் எவ்வளவு சரியாக வேலை செய்கின்றன என்பதும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவிகள், கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டன என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கடிகாரத்தின் பச்சை ஒளியும் அந்தக் கருவிகளின் சிவப்பு ஒளியும் ஒன்றல்ல. ஆனாலும் எங்கோ, யாரையோ வைத்துச் சோதித்த எண்ணை நம் ஊழியர் மீது அப்படியே பொருத்தக் கூடாது.

உடலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. காய்ச்சல், இரத்த அழுத்த மாத்திரை, கர்ப்பம், இதயத் தாளக் கோளாறு ஆகிய எல்லாமே துடிப்பை மாற்றும். பேஸ்மேக்கர் வைத்தால் ஈசிஜியின் வடிவமே வேறாகிவிடும். அப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் காலை வேலைக்கு வந்து நிற்கும்போது கதவு திறக்காது. "ஏன் திறக்கவில்லை?" என்று வரவேற்பறையில் எல்லோர் முன்னிலையிலும் அவர் விளக்கம் சொல்ல நேரும். இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். தான் கர்ப்பம் என்று வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் பாதுகாப்புக் காவலருக்குக் காரணம் சொல்லும் நிலை வரக் கூடாது.

இதுவரை சொன்னவை பொறியாளர் கவலைகள். என்னை உண்மையிலேயே வருத்துவது இனி வருவது.

கைரேகை உங்கள் அடையாளத்தை மட்டும் சொல்கிறது. வேறு எதையும் சொல்வதில்லை. இதயத் துடிப்பு அப்படியல்ல. அடையாளத்துக்காகக் கொடுக்கும் அதே அலையில் உங்கள் தூக்கம், பதற்றம், நோய், குடி, நோன்பு எல்லாம் கலந்தே வருகின்றன. வீட்டுச் சாவியைக் கேட்டவரிடம் அதே வளையத்தில் உங்கள் மருத்துவச் சீட்டையும் நாட்குறிப்பையும் கோத்துக் கொடுப்பது போன்றது இது. தனியாகக் கழற்றிக் கொடுக்கக் கூடிய ஏற்பாடு இருந்தால்தான் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டை வைத்தே சொல்கிறேன். மொரிசியஸில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவு நாள்பட்டு நரம்புகளைத் தாக்கும்போது, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே இயல்பாக இருக்க வேண்டிய சிறு வேறுபாடு குறைந்துகொண்டே வரும். அந்த வேறுபாட்டைத்தான் பல கடிகாரங்கள் இரவெல்லாம் அளந்து, "உங்கள் உடல் எவ்வளவு தேறியிருக்கிறது" என்று காலையில் ஓர் எண்ணாகக் காட்டுகின்றன. ஓராண்டு எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் நிபுணர் ஒருவருக்கு, ஊழியர் தன் நோயைத் தானே அறிவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும். அது மருத்துவராக இருந்தால் வரம். பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிப்பவராக இருந்தால்?

இன்னொன்றும் நமக்கு மிக நெருக்கமானது. தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் நோன்பு, மாலைதோறும் கோவில், பிறகு வெயிலில் காவடியோடு நடை. காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள கோவிலுக்கு அலகு குத்திக்கொண்டு ஏறும் பக்தர்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதை மானிடவியல் ஆய்வாளர்கள் உண்மையிலேயே அளந்திருக்கிறார்கள். காவடி எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் உடலில் அணியும் கருவிகளைச் சுமார் இரண்டு மாத காலம், விழாவுக்கு முன்னும் பின்னுமாக, கட்டிக்கொண்டார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. விழா நாளில் உடல் கடுமையாக வருந்தியது கருவியில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நிலையான தீங்கு எதுவும் இல்லை. அதிகம் வருத்திக்கொண்டவர்களிடம் மனநலம் கூடுதலாக மேம்பட்டிருந்தது. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆய்வில் பங்கு பெற்றவர்கள் எதற்காகக் கட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்து, தாங்களாக முன்வந்து கட்டிக்கொண்டவர்கள். அதையே அலுவலகக் கடிகாரத்தில் நினைத்துப் பாருங்கள். பத்து நாள் உணவு மாற்றம், தூங்கும் நேர மாற்றம், பதினோராம் நாள் மலைபோல் எழும் துடிப்பு. பெயரே இல்லாவிட்டாலும் இவர் காவடி எடுத்தவர் என்று அந்தக் கோடு சொல்லிவிடும். ரமதான் நோன்பு இருப்பவரையும் அது அப்படியே காட்டிக்கொடுக்கும். மதத்தையும் உடற்குறையையும் வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சமவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. காட்டத் தேவையான தகவலைப் பக்கத்திலேயே குவித்து வைத்துக்கொண்டு காட்டாதே என்பது பலவீனமான காவல்.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கிறோம்" என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி ஆறுதல் அடைய வேண்டாம். அமெரிக்காவில் தேசிய அளவில் திரட்டிய உடல் இயக்கத் தரவை, பெயர் நீக்கப்பட்ட நிலையில், வயது போன்ற சில பொதுத் தகவல்களோடு இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் வயது வந்தோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரின் பதிவுகளை மீண்டும் அவரவரோடு பொருத்த முடிந்தது. இத்தனைக்கும் அது வெறும் நடமாட்டத் தரவு, இதய அலை அல்ல. நம் தீவில் பன்னிரண்டரை லட்சம் பேர்; உங்கள் மாடியில் முந்நூறு பேர். பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவார் என்று எதிர்பார்க்க இது போதுமான கூட்டமே இல்லை.

நடமாட்ட உணரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கடிகாரம் கட்டிய கையால் ஒருவர் ஏடிஎம்மில் பின் நம்பர் அழுத்தும்போது கை அசையும் விதத்தை மட்டும் வைத்தே அந்த எண்ணை முதல் முயற்சியிலேயே 80 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகக் கட்டும் கருவியே பாதுகாப்பை ஒழுகவிடும் இடம் இது. பின் நம்பரை மறு கையால் அழுத்துங்கள், செலவில்லாத தீர்வு.

இனிச் சட்டம். இந்த வாதம் மொரிசியஸுக்குப் புதிதல்ல, தம்பி. 2013இல் புதிய தேசிய அடையாள அட்டைக்காக நாமெல்லாம் வரிசையில் நின்று விரலைக் கொடுத்தோம். அந்த ரேகைகள் ஒரு மையத் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட இருந்தன. குடிமக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் நுணுக்கமான தீர்ப்பு ஒன்றைச் சொன்னது: அட்டைக்காக ரேகையை எடுப்பது ஏற்கத்தக்கது, ஆனால் போதிய காவல் இல்லாத நிலையில் அவற்றைச் சேமித்து வைத்திருப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது. மேல்முறையீடு நம் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 2016இல் அது தள்ளுபடியானது. பிறகு விவகாரம் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கும் போனது. அட்டையிலேயே இருக்கும் ரேகைக்குக்கூடப் போதிய பாதுகாப்பு உறுதி இல்லை, ஆகவே தனியுரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அந்தக் குழு 2021இல் கருத்துச் சொன்னது. எடுப்பது வேறு, ஒரே இடத்தில் குவித்து வைப்பது வேறு என்ற அந்தப் பிரிப்பு இருக்கிறதே, உங்கள் அலுவலகத்துக்கும் அதுதான் அளவுகோல்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியை ஒட்டி எழுதப்பட்டது. அந்த ஐரோப்பிய விதியே நடைமுறைக்கு வந்தது நான்கு மாதம் கழித்துத்தான். நம் சட்டத்தில் கைரேகை போல ஆளைத் தனித்து அடையாளம் காட்டும் உயிரளவைத் தரவு சிறப்பு வகை. உடல்நலத் தரவும் சிறப்பு வகை. உங்கள் கடிகார அலை இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. சிறப்பு வகைத் தரவைக் கையாளச் சாதாரணத் தரவைவிடக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. ஒப்புதல் மனம் விரும்பித் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படித்தான் தரப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வேலைக்குத் தேவையில்லாத தரவைக் கொடுத்தால்தான் வேலை என்று நிபந்தனை போட்டால் அந்த ஒப்புதலின் தன்மையே கேள்விக்குள்ளாகும். சம்பளம் தருபவர் நீட்டும் காகிதத்தில் போடும் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சட்டத்துக்கும் அது தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். அதில் மூன்றாம் பத்தியில், இதயத் துடிப்புத் தரவும் "தொடர்புடைய உடல்நலத் தரவும்" நிறுவனத்தாலும் "அதன் சேவையாளர்களாலும்" பாதுகாப்புக்கும் "பிற பொருத்தமான நோக்கங்களுக்கும்" பயன்படுத்தப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போடுங்கள். தொடர்புடைய தரவு என்றால் எவை? சேவையாளர்கள் யார், அவர்களுடைய சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது? பிற நோக்கம் என்றால் எது? எந்த நோக்கம் என்று சொல்லாமல் கேட்கும் ஒப்புதல் சட்டத்தின் கண்ணில் ஒப்புதலே அல்ல. வெளிநாட்டு நிறுவனங்கள் ஐரோப்பாவில் கொடுத்த வாக்குறுதி நமக்கும் பொருந்தும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கூகுள் 2021இல் உடற்பயிற்சிக் கடிகார நிறுவனமான ஃபிட்பிட்டை வாங்கி முடித்தபோது, அந்த உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று பத்து ஆண்டுக்கு உறுதி கொடுத்தது. ஆனால் அந்த உறுதி ஐரோப்பிய ஒழுங்காளருக்குக் கொடுத்தது, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள பயனர்களுக்கானது. நாம் அந்தப் பகுதியில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் நான் தொழில்நுட்பத்தையே ஒதுக்கவில்லை? கைரேகைக் கருவிகளின் குறையை நேரில் பார்த்திருக்கிறேன். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் அம்மாக்களுக்கு பிளீச்சில் கை ஊறி ஊறி விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். அதிகாலையில் கருவியில் விரலை வைப்பார்கள், சிவப்பு விளக்கு எரியும். சேலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், மறுபடியும் சிவப்பு. கதவு திறக்காததால் வருகை நேரம் பதிவாகாது. பதிவாகாத நேரத்துக்கு மாதக் கடைசியில் சண்டை. கரும்பு வெட்டிய கைகளுக்கும் இதே கதைதான். துறைமுகத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஈரக் கையுறை போட்டவர் விரலைக் காட்டவே முடியாது. இவர்களுக்கெல்லாம் மணிக்கட்டில் கட்டிய ஒரு கருவி கதவைத் திறந்தால் அது மரியாதையான ஏற்பாடு.

ஆகவே நான் சொல்லும் திருத்தம் இதுதான். கடிகாரம் சாவியாக இருக்கட்டும், இதயம் சாவியாக வேண்டாம். காலையில் கடிகாரத்தைக் கட்டியதும் ஒரு முறை பின் நம்பர் போடுகிறீர்கள். அதன் பிறகு ஒளி உணரியின் வேலை ஒன்றே ஒன்று: கடிகாரம் உயிருள்ள கையில் தொடர்ந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கழற்றினால் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும். ஆப்பிள் கடிகாரம் இன்றே இப்படித்தான் இயங்குகிறது. அது துடிப்பை வைத்து யார் என்று கண்டுபிடிப்பதில்லை, கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கதவுக்கு அருகே போனதும் கடிகாரத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் மறையீட்டுச் சாவி, அதாவது ஓர் இரகசிய எண், கதவின் கேள்விக்கு விடை சொல்லும். துடிப்பு அலை கடிகாரத்தை விட்டு வெளியே போகவே போகாது. நிறுவனத்துக்குக் கிடைப்பது "இன்னார், இத்தனை மணிக்கு, இந்தக் கதவு" என்ற ஒரு வரி. கடிகாரம் தொலைந்தால் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிய கடிகாரத்தில் புதிய சாவி போடலாம். துடிப்பின் வடிவத்தையும் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த வார்ப்பும் (ஒப்பிடுவதற்காகச் சேமிக்கும் மாதிரி) ஒப்பீடும் கடிகாரத்தின் பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே நடக்கட்டும், மைய சர்வரில் வேண்டாம். 2015 தீர்ப்பின் பிரிப்போடும் இது ஒத்துப்போகிறது. இன்னும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நலத் திட்டக் கணக்கும் நுழைவுக் கணக்கும் ஒன்றோடொன்று பேசக் கூடாது, கடிகாரம் வேண்டாம் என்பவருக்குச் சாதாரண அட்டை கிடைக்க வேண்டும், அதற்காக அவர் எந்தச் சலுகையையும் இழக்கக் கூடாது. பேட்டரி தீர்ந்த நாளில் அந்த அட்டை எல்லோருக்குமே தேவைப்படும்.

வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டீர்கள். தனியாக நின்று மறுப்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து கேள்வி கேட்பது நல்லது. மறுப்பாக அல்லாமல் கேள்வியாகவே எழுதுங்கள். மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும், வாய்மொழி வேண்டாம். தரவுப் பாதுகாப்பு விளைவு மதிப்பீடு, அதாவது இந்தத் திட்டத்தால் ஊழியரின் தனியுரிமைக்கு என்ன ஆபத்து என்ற ஆய்வு, செய்யப்பட்டதா, அதைப் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். இவ்வளவு நுட்பமான தரவைக் கையாளும் முன் அந்த மதிப்பீட்டைச் செய்வது நிறுவனத்தின் சட்டக் கடமை. பெரும்பாலான இடங்களில் இந்த ஒரு கேள்வியிலேயே திட்டம் ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த ஒரு மாதத்தில் யாராவது சட்டத்தைப் படிப்பார்கள். தரவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும், வேலையை விட்டதும் யார் அழிப்பார் என்பவற்றையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். மழுப்பலான பதில் வந்தால் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட உங்கள் நண்பர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதினால் போதும்.

நலத் திட்டத்தில் இதுவரை சேர்ந்த தரவையும் மறந்துவிடாதீர்கள். புதிய படிவத்தில் நீங்கள் கையெழுத்திடாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றித் தர வேண்டும். வந்த நகலை ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பது வரை இருக்கக் கூடும். தேவையில்லாததை அழிக்கக் கோரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வேலை மாறும்போது கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் செயலியில் உள்ள கணக்கைத் துண்டித்து, கடிகாரத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.